முன்னால் காலியாகத்தானே இருக்கிறது, போய் உட்காரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. அதற்கு முன் 9 வருடம் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரிலும் போர்டிங் கேட்டிலும் நின்றிருக்கிறேன். டிக்கெட் வாங்க வருகிறவர்கள் பேரமெல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "ஏன் மேடம், பிஸினஸ் கிளாஸ் காலியா இருந்தா அப்படியே போய் உட்கார்ந்துக்கலாமா?" பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மீதிப் பேர் திட்டத்தோடுதான் வந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

சீட் காலியாகத்தானே கிடக்கிறது. போய் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வி நம் பஸ்ஸில் பிறந்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். காலி சீட் என்றால் முதலில் உட்கார்ந்தவருக்குச் சொந்தம். பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் செகண்ட் கிளாஸ் டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்: சைதாப்பேட்டையில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? வந்து கேட்டால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாம்.

விமானத்தில் 'காலி' என்பதற்கு அர்த்தம் வேறு. நான் பார்த்தவரை ஒரு பிஸினஸ் சீட் காலியாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காசு கட்டியவர் கடைசி நிமிடத்தில் வராமல் போயிருப்பார். இல்லையென்றால் கேட்டில் ஓடி வந்துகொண்டிருப்பார். கனெக்டிங் விமானம் தாமதமானவருக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். நீண்ட தூர விமானமென்றால் க்ரூ, அதாவது விமான ஊழியர்கள், ஓய்வெடுப்பதற்கு ஒதுக்கியிருப்பார்கள். சீட்டே பழுதாகவும் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. ஒரு தடவை கதவு மூடும் முன் கடைசிக் காகிதங்களோடு விமானத்துக்குள் போனேன். பிஸினஸ் கிளாஸில் ஒரு சீட்டில் பெல்ட் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று குறுக்கே பட்டை ஒட்டி 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். சட்டை இன் பண்ணிய ஒரு சார் அந்தப் பட்டையைப் பொறுமையாகப் பிரித்து, சுருட்டி, முன்னால் இருந்த பையில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்சல் பிரிப்பது போல அவ்வளவு நிதானம். அவருடைய சீட் 27பி. பெல்ட் போடாமல் டேக்-ஆஃப் ஆகியிருப்பார்.

நஷ்டக் கணக்கு என்று பார்த்தால், விற்கப்படுவது சீட் மட்டுமில்லை. கூடுதல் லக்கேஜ், லவுஞ்ச், சாப்பாடு, லண்டன் மாதிரி இரவுப் பயணத்தில் படுத்துத் தூங்கும் வசதி எல்லாம் சேர்த்துத்தான் எகானமியைப் போல மூன்று, நான்கு மடங்கு விலை. அதைக் கட்டிவிட்டு 2ஏ-வில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில், எதுவும் கட்டாமல் ஒருவர் வந்து கால் நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்?

இத்தனை கூட்டத்தில் க்ரூவுக்கு எப்படித் தெரியப்போகிறது?

தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் தெரியாத ஆள் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு ஆள் என்று. விமானத்தில் இரண்டு வீடு இல்லை, ஒரே பட்டியல்தான். கேட்டில் உங்கள் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்யும்போதே எந்தச் சீட்டுக்கு யார் ஏறிவிட்டார் என்று கணக்கில் விழுந்துவிடும். அந்தப் பட்டியல் கதவு மூடும் முன் க்ரூவின் தலைவரான பர்சர் கைக்குப் போகும். இப்போது பல நிறுவனங்களில் டேப்லெட்டிலேயே இருக்கிறது. எந்தச் சீட்டில் யார், என்ன பெயர், என்ன சாப்பாடு, வீல்சேர் வேண்டுமா, எல்லாம் அதில் உண்டு.

அப்புறம் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏர் இந்தியாவின் ஏ320 நியோ விமானங்களில் மூன்று வகுப்பு உள்ளவற்றில் பிஸினஸில் 8 சீட், நடு வகுப்பான பிரீமியம் எகானமியில் 24, எகானமியில் 132. எட்டே எட்டுப் பேர்! டேக்-ஆஃப் ஆகும் முன்பே அந்த எட்டுப் பேரிடமும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லி, ஜூஸ் கொடுத்து, கோட்டு இருந்தால் வாங்கி மாட்டி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒன்பதாவது முகம் வந்தால் தெரியாதா?

எங்கள் சித்தப்பா கதை இதற்குச் சரியான சாட்சி. சிங்கப்பூருக்கு இரவு விமானம். அவருக்கு 40-க்கு மேல் ஏதோ ஒரு வரிசையில் நடு சீட். விளக்கெல்லாம் அணைத்த பிறகு, பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து, திரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் ஒரு காலி சீட்டில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டைச் சாய்க்கத் தெரியவில்லை. கைப்பிடியில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறார். முதலில் படிக்கும் விளக்கு எரிந்தது. அடுத்த பொத்தானுக்கு 'டிங்' என்று சத்தம் வந்தது. அது க்ரூவைக் கூப்பிடும் மணி. ஒளிந்துகொள்ள வந்தவர் தானே மணியடித்துக் கூப்பிட்டுவிட்டார்.

வந்த பெண் ரொம்ப மரியாதையாக, "சார், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்லம்மா, சீட்டு சாயல." அந்தப் பெண் சீட்டைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் மடியைப் பார்த்தார். எகானமியில் கொடுத்த மெல்லிய போர்வையை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். முன்னால் எல்லோருக்கும் தடிமனான மெத்தைப் போர்வை. இவருக்கு மட்டும் வேறு நிறம். "போர்டிங் பாஸ் காட்டுங்க சார்." "பைக்குள்ள இருக்கு." "பை எங்க இருக்கு சார்?" அவ்வளவுதான்.

சித்தப்பா இன்றைக்கும் இதை, "என்னை மரியாதையா சீட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டாங்க" என்றுதான் சொல்வார்.

ஏறும்போதே போய் உட்காருவதா, பறக்க ஆரம்பித்த பிறகா?

இரண்டும் நடக்கிறது, இரண்டிலும் மாட்டுகிறார்கள். ஏறும்போது உட்கார்ந்தால் சீட்டின் சொந்தக்காரரே வந்து நிற்பார். பறக்க ஆரம்பித்த பிறகு என்றால் சித்தப்பா கதைதான். சாப்பாடு பரிமாறி முடித்து விளக்கு அணைத்த பிறகு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நேரத்திலும் க்ரூ நடந்து கண்காணித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும்? போலீஸ், கேஸ் என்று போகுமா?

பெரும்பாலும் எதுவும் ஆகாது. "உங்கள் சீட்டுக்குப் போங்கள்" என்பார்கள், நீங்கள் போவீர்கள், கதை முடிந்தது. இதற்கே கைவிலங்கு போடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

'போக மாட்டேன்' என்று சொல்லும்போதுதான் விவகாரம் மாறுகிறது. அப்போது பிரச்சினை சீட் இல்லை, க்ரூ சொன்னதைக் கேட்காமல் போனது. விமானத்தின் தலைமை பைலட் சட்டப்படி சொல்லும் உத்தரவை மீறுவது 1937-ம் ஆண்டு விமான விதிகளின்படி குற்றம். அவர் சொன்னதைத்தான் க்ரூ உங்களிடம் வந்து சொல்கிறார்கள். கதவு மூடாத நிலையில் அடம் பிடித்தால் இறக்கிவிடுவார்கள். எங்கள் பாஷையில் 'ஆஃப்லோட்'. அதோடு போவதில்லை. உங்கள் பெட்டியையும் லக்கேஜ் அறையிலிருந்து தேடி எடுத்து இறக்க வேண்டும். விமானம் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் தாமதமாகும். உள்ளே இருக்கும் நூற்றைம்பது பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த ஆஃப்லோட்களில் பாதி, முதல் இரண்டு நிமிடத்தில் 'சாரி' சொல்லியிருந்தால் முடிந்திருக்க வேண்டியவை.

குரலை உயர்த்துவது, திட்டுவது, தள்ளுவது என்று போனால் அதற்கென்று விதி இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2017-ல் கட்டுப்பாடில்லாத பயணிகளுக்காகக் கொண்டுவந்தது. மூன்று படி. வாய்ப்பேச்சு, மிரட்டும் சைகை, குடித்துவிட்டு ரகளை: 3 மாதம் வரை பறக்கத் தடை. கை வைத்தால், தள்ளினால்: 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி நடந்தால்: குறைந்தது 2 வருடம். பைலட் புகார் கொடுக்க, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் அந்த விமான நிறுவனத்தின் குழு 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்லும். அந்த 30 நாளும் அந்த நிறுவனம் உங்களை ஏற்றாமல் இருக்கலாம். தடை விதித்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வெளிநாட்டுப் பயணமென்றால் இறங்கும் ஊர் போலீஸிடம் ஒப்படைக்கும் அதிகாரமும் பைலட்டுக்கு உண்டு. 1963-ம் ஆண்டு டோக்கியோ ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. ஃபிராங்க்பர்ட்டில் இறங்கி அவர்களுக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாட்டினால் வித்தியாசத்தைக் கட்டிவிட்டு அங்கேயே இருந்துவிடலாமா?

ரயிலில் டிடிஇ-யிடம் பேசுகிற மாதிரி பேச நினைக்கிறீர்கள். சில நிறுவனங்கள் விமானத்துக்குள்ளேயே கார்டு அல்லது அடிக்கடி பறந்து சேர்த்த மைல் புள்ளிகளை வைத்து அப்கிரேட், அதாவது மேல் வகுப்புக்கு மாற்றம், விற்கின்றன. அவற்றில் முதலிலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மாட்டிய பிறகு கேட்டால், இருந்த சீட்டும் 'இல்லை' ஆகிவிடும். டிக்கெட் விதிமுறைகளில் எந்த வகுப்புக்குக் காசு கட்டினீர்களோ அந்த வகுப்பில்தான் பயணம் என்று இருக்கும். அதை வைத்துப் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் கேட்பது அபூர்வம்.

வயதான அம்மா தெரியாமல் முன்னால் உட்கார்ந்துவிட்டால் திட்டுவார்களா?

மாட்டார்கள். இது நிறையவே நடக்கிறது. நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போகும் அம்மாக்கள் பாதிப் பேர் வீல்சேர் கேட்டிருப்பார்கள். வீல்சேர் பயணிகளை எல்லோருக்கும் முன்னால் உள்ளே அனுப்புவோம். காலி விமானம். கண்ணுக்கு முன்னால் பெரிய பெரிய சீட். முட்டி வலி. உட்காராமல் என்ன செய்வார்கள்?

மயிலாப்பூர்ப் பாட்டி ஒருவர் அப்படி முதல் வரிசையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். சீட்டின் சொந்தக்காரர், ஐம்பது வயது வெள்ளைக்காரர், பக்கத்தில் வந்து நின்றார். பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு, உட்காருங்கோ" என்று எதிர் சீட்டைக் காட்டினார். அவருக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது, சிரித்தார். க்ரூ பெண் குனிந்து, "பாட்டி, உங்க சீட்டு ஜன்னல் ஓரமா உள்ள இருக்கு, வாங்க நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். புளியோதரை பத்திரமாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

உங்கள் அம்மா தனியாகப் போகிறார் என்றால் போர்டிங் பாஸில் சீட் எண்ணைச் சுற்றிப் பேனாவால் பெரிதாக வட்டம் போட்டுக் கொடுங்கள். அது போதும்.

என் கணவர் கம்பெனி செலவில் பிஸினஸில், நானும் குழந்தையும் எகானமியில். நடுவில் போய் வரலாமா?

போய் வருவதை எல்லா நிறுவனங்களும் விரும்புவதில்லை. திரை போட்ட பிறகு பொதுவாக விடமாட்டார்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் க்ரூ கண்டும் காணாமல் விடுவதும் உண்டு. ஆனால் அவர் எகானமிக்கு வந்து உங்களைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. அவரை வரச் சொல்லுங்கள். குழந்தையை ஒரு மணி நேரம் தூக்கி வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

இரண்டு பேரும் சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். க்ரூவிடம் சொல்லிவிட்டு மாற்றினால் பல இடங்களில் சரி என்பார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள். சொல்லாமல் மாற்றினால் பட்டியலில் இருப்பவரும் உட்கார்ந்திருப்பவரும் வேறு வேறு ஆள் ஆகிவிடும். சர்க்கரை நோயாளி என்று குறித்து வைத்த சாப்பாடு தவறான ஆளுக்குப் போகும்.

இதில் எடை, பேலன்ஸ் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சாக்குத்தானே?

பெரிய விமானத்தில் ஒருவர் முன்னால் போனதால் எதுவும் கவிழ்ந்துவிடாது, உண்மைதான். ஆனால் சாக்கு என்று முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது. எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற கணக்கு, எடைக் கணக்குத் தாளான லோட் ஷீட்டில் போய், பைலட் அதை வைத்துத்தான் டேக்-ஆஃபுக்கு அமைப்புகளைச் சரிசெய்கிறார். சின்ன விமானத்தில் இது கண்ணுக்கே தெரியும். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் பறந்த ஏடிஆர் 72-ல் மொத்தமே 78 சீட், பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும் நாளில் க்ரூவே, "சார், நீங்க மூணு பேரும் பின்னால போய் உட்காருங்க" என்பார்கள். அதில் பிஸினஸ் கிளாஸே கிடையாது, ஆனாலும் யார் எங்கே என்பது முக்கியம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒருவருக்குத் தொற்றும் காசநோய் இருந்தது பின்னால் தெரியவந்தால், அவருடைய வரிசையிலும் முன் இரண்டு, பின் இரண்டு வரிசைகளிலும் இருந்தவர்களைத் தேடிச் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கோவிட் நேரத்திலும் வரிசை எண்ணை வைத்துத்தான் ஆட்களைத் தேடினார்கள். நீங்கள் பட்டியலில் 38-வது வரிசையில் இருந்து, நிஜத்தில் 3-வது வரிசையில் தூங்கியிருந்தால், உங்களுக்கு அந்த போன் வராது.

எகானமிக்குள்ளேயே முன் வரிசை, கால் நீட்டும் வரிசை காலியாக இருந்தால்?

இதுதான் இப்போது அதிகமாக நடக்கும் சண்டை. இண்டிகோ மாதிரி நிறுவனங்கள் பல வருடம் ஒரே வகுப்பில்தான் பறந்தன. 2024 நவம்பரில்தான் டெல்லி–மும்பை வழியில் ஸ்ட்ரெட்ச் என்ற பெயரில் இண்டிகோ பிஸினஸ் சீட்டைத் தொடங்கியது. ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே முன் வரிசைக்கும் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைக்கும் தனிக் காசு. சில நூறு ரூபாய் கட்டியவர் பக்கத்தில், கட்டாதவர் வந்து உட்கார்ந்தால் முதலில் கோபப்படுவது க்ரூ இல்லை, அந்தக் காசு கட்டியவர்தான்.

கதவு மூடிய பிறகு, சாதாரண வரிசையில் காலியாக இருந்தால் க்ரூவிடம் கேட்டு மாறலாம், பெரும்பாலும் தலையாட்டுவார்கள். எக்ஸிட் வரிசைக்கு மட்டும் தானாகப் போகாதீர்கள். அங்கே இருப்பவர் ஆபத்தில் கதவைத் திறக்க உதவ வேண்டும். அதை க்ரூ நேரில் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் உட்கார முடியும்.

முன்னால் இருக்கும் டாய்லெட்டை உபயோகிக்கலாமா?

உங்கள் வகுப்பில் இருப்பதைத்தான் உபயோகிக்க வேண்டும். அவசரமென்றால் க்ரூவிடம் சொல்லுங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் யாரும் மறுப்பதில்லை.

போர்டிங் பாஸை போனில் திருத்திக் காட்டினால்?

இதைக் கேட்டவர் ஒரு இன்ஜினியரிங் மாணவர். தம்பி, சீட் எண்ணை நீ திருத்தலாம். அதன் பக்கத்தில் இருக்கும் பார்கோடுக்குள் பழைய சீட்தான் இருக்கும், மெஷின் அதைத்தான் படிக்கும். சும்மா முன்னால் போய் உட்கார்ந்தால் அசட்டுத்தனம் என்று விட்டுவிடுவார்கள். திருத்திய காகிதத்தைக் காட்டினால் அது போலி ஆவணம், கிரிமினல் குற்றம். விமான நிலைய வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப் வீரர்கள், உறவினரை வழியனுப்ப கேன்சல் ஆன டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்தவர்களைக்கூடப் பிடித்துப் போலீஸில் கொடுக்கிறார்கள். வேண்டாம்.

அப்படியானால் ஓசியில் அப்கிரேட் என்பதே பொய்யா?

பொய் இல்லை, நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் கோட்டு சூட்டு போட்டு வந்தால் கிடைக்கும், கல்யாண நாள் என்று சொன்னால் கிடைக்கும் என்பதெல்லாம் கதை. ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்குத் தேனிலவு இருந்தது என்று எண்ணியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் ரொம்பியிருக்கும்.

நடப்பது இதுதான். எகானமியில் இருக்கும் சீட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக டிக்கெட் விற்றிருப்பார்கள், ஏனென்றால் சிலர் எப்போதும் வராமல் போவார்கள். ஒரு நாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். எகானமி பிதுங்கும், முன்னால் காலி. அப்போது சிலரை முன்னால் தள்ளியாக வேண்டும். யாரைத் தள்ளுவது என்று என் மனசு முடிவு செய்யாது, திரையில் ஒரு வரிசை வரும். அந்த நிறுவனத்தின் மைல் கார்டில் கோல்டு, பிளாட்டினம் என்று இருப்பவர்கள், அதிக விலை டிக்கெட் வாங்கியவர்கள், தனியாகப் பயணம் செய்பவர்கள் மேலே வருவார்கள். ஆறு பேர் குடும்பமாக வந்து, மலிவான டிக்கெட்டில், தனிச் சாப்பாடு சொல்லியிருந்தால் உங்களை நகர்த்துவதே எங்களுக்குத் தலைவலி.

எனவே ஆசை இருந்தால் ஒரே மைல் திட்டத்தில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டு வாருங்கள். செக்-இன் கவுன்டரில் ஒரு முறை, சாதாரணமாக, "முன்னால் இடம் மாற்ற வாய்ப்பு இருந்தால் என் பெயரைக் கவனியுங்கள்" என்று சொல்லுங்கள். "காசு கட்டித் தர முடியுமா, எவ்வளவு?" என்றும் கேளுங்கள். கடைசி நேரத்தில் கவுன்டர் விலை சில நாள் ஆச்சரியப்படும்படி குறைவாக இருக்கும். கேட்டில் கூட்டம் நெருக்கும்போது வந்து கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்.

கம்மி விலையில் மேலே போக நேர் வழி என்ன?

ஏலம். எத்திஹாட், மலேசியா ஏர்லைன்ஸ் மாதிரி சில நிறுவனங்கள், டிக்கெட் வாங்கிய பிறகு 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று மெயிலில் கேட்கும். ஒரு தொகை போடலாம், கிடைத்தால் கார்டில் பிடித்துக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் பைசா போகாது. குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே போட்டால் எனக்குத் தெரிந்தவர்களுக்கு வார நாட்களில் கிடைத்திருக்கிறது, மே மாத விடுமுறையில் கிடைத்ததே இல்லை.

மைல்கள் இருந்தால் அதை வைத்தும் மாறலாம். வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிரீமியம் எகானமி, பிஸினஸ், ஃபர்ஸ்ட் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது.

நான் பிஸினஸுக்குக் காசு கட்டினேன், என்னை எகானமியில் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை! 2023 பிப்ரவரி 15 முதல் டிஜிசிஏ விதி இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் கீழ் வகுப்புக்கு இறக்கினால், உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து: 1500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 1500 முதல் 3500 வரை 50, அதற்கு மேல் 75. சென்னையிலிருந்து கொழும்பு முதல் வகையில் வரும், சிங்கப்பூரும் துபாயும் இரண்டாவதில், லண்டன் மூன்றாவதில்.

சீட்டே இல்லை என்று ஏற்றாமல் விட்டால் கணக்கு வேறு. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் எதுவும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதமானால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. கவுன்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குப் போய் மெயில் அனுப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

என் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்கச் சொல்லலாமா?

முதலில் உங்கள் போர்டிங் பாஸை இன்னொரு தடவை பாருங்கள். 12ஏ-வும் 21ஏ-வும் எனக்கே குழம்பியிருக்கிறது. சரிதான் என்றால், "சார், இது என் சீட்டுன்னு நினைக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். எழுந்திருக்காவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டாம், க்ரூவைக் கூப்பிடுங்கள். மணியடிக்கும் பொத்தான் எது என்று சித்தப்பா சொல்லிக் கொடுப்பார்.

இறங்கும்போது பிஸினஸ் வழியாகத்தான் வருகிறோம். அங்கே கிடக்கும் போர்வையை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. போர்வையும் தலையணையும் சலவைக்குப் போய்த் திரும்ப வரும், எண்ணிக்கை உண்டு. பிரிக்காத சாக்லேட் கிடந்தால் அது வேறு விஷயம், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.